மெலிந்தவளுக்குச் சீனி வராது என்று நினைத்தேன்

நியமனக் கடிதம் வாங்கிய கையோடு தோட்டங்களுக்கு ஏறப்போகிற தங்கச்சிமாருக்கு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பிரசவ வேலையை நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அதை நன்றாகவே படித்து வந்திருக்கிறீர்கள். பலாங்கொடைக்கு மேலே உள்ள தோட்டங்களில் முப்பத்துமூன்று வருடம் மருத்துவமாதுவாக நடந்தவள் நான். அதில் ஒரே ஒரு மதியத்தைப் பற்றிச் சொல்கிறேன்.  தவறு என்னுடையது என்பதால் மறைக்காமல் சொல்லலாம்.

சுகந்தி மேல் டிவிசனில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். அப்போது இருபத்தெட்டு வயது. குள்ளமான, ஒடிசலான உடம்பு. கூடையை முதுகில் போட்டால் பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கூடைதான் தெரியும். அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதம் முடிகிற நேரத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. காரணம் என்னவென்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் மட்டும் எனக்குள் ஒரு காரணத்தை முடிவு செய்து வைத்துக்கொண்டேன். இந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு போதாது, அதுதான் பிள்ளை தங்கவில்லை என்று.

அவள் மறுபடியும் உண்டானது, நாடு முழுக்கப் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடத்தில். பால்மா கடையில் இல்லை. முட்டை வாங்கக் கூடிய விலையில் இல்லை. லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் காலையில் வெறும் பிளேன்டீயோடு பள்ளிக்கூடம் போனார்கள். இந்தத் தடவை சுகந்தியின் பிள்ளையைச் சாப்பாட்டாலேயே காப்பாற்றிவிடுவது என்று நான் பிடிவாதமாக நின்றேன். சத்துமா வரும்போதெல்லாம் அவளுக்கு முதலில் எடுத்து வைத்தேன். சீனி போட்டுப் பிசைந்து தினமும் சாப்பிடச் சொன்னேன். ஓப்பநாயக்கவில் கடையில் வேலை செய்த அவளுடைய புருஷன் சிவகுமாரை வழியில் மறித்து, வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் வாங்கிப் போகச் சொன்னேன். அவளுடைய அம்மா முத்தம்மாவும் அதே மலையில் கொழுந்து எடுப்பவர்தான். அவர் தன் பங்குச் சீனியையும் மகளுடைய தேத்தண்ணியில் போட்டார்.

ஆறாம் மாதத்திலிருந்து வயிறு மளமளவென்று வளர்ந்தது. நாடாவை வைத்து அளந்தால் மாதக் கணக்குக்கு மேலேயே நின்றது.

"பாத்தீங்களா மிஸ்ஸி, இந்தத் தடவ புள்ள நல்லா ஊறியிருக்கு," என்றார் முத்தம்மா.

"எல்லாம் நீங்க குடுக்கிற சாப்பாடுதான்," என்றேன் நான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது நான் விட்ட பிழைக்கு வருகிறேன். கர்ப்பத்தின் தொடக்கத்தில் சுகந்திக்கு இரத்தத்தில் சீனி பார்த்திருந்தோம். சரியாக இருந்தது. ஆறாம் மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த மாதம் என் பெட்டியில் சீனி பார்க்கிற ஸ்ட்ரிப் பதினொன்று மட்டுமே இருந்தது. பார்க்க வேண்டியவர்கள் அதைப் போல இரண்டு மடங்கு. அடுத்த பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. யாருக்குப் பார்ப்பது, யாரை விடுவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். உடம்பு பெருத்தவர்களைத் தெரிந்தெடுத்தேன். சுகந்தியின் முறை வந்தபோது அவளை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தேன். இந்த எலும்புக்கு எங்கே சீனி வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, "நீ போம்மா," என்றேன். அவளுடைய கர்ப்ப அட்டையில் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

ஒரு வியாழக்கிழமை. பிள்ளை மடுவத்தில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற அந்தக் கட்டடத்தில், கிளினிக் நடத்திக்கொண்டிருந்தேன். பதினொரு மணியளவில் சுகந்தி மெதுவாக நடந்து வந்தாள். பின்னால் முத்தம்மா. சுகந்திக்கு மாதம் எட்டு முடிந்து ஒரு வாரம்.

"மிஸ்ஸி, காலையில இருந்து புள்ள சும்மா கெடக்கு," என்றாள்.

படுக்க வைத்துக் காது கொடுத்துக் கேட்டேன். இதயம் அடித்தது. எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கையிலும் குறை இல்லை. எனக்கு மூச்சு வந்தது. ஒரு பக்கமாகப் படுக்கச் சொல்லி, இனிப்பாக ஒரு தேத்தண்ணி கொடுத்து, ஒரு மணி நேரம் அசைவை எண்ணினோம். வழக்கமாக அப்படித்தானே செய்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டே இரண்டு அசைவு. அதுவும் உதையில்லை, ஏதோ புரண்டு படுத்த மாதிரி.

முத்தம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் புள்ளைக்கும் இப்படித்தான் ஆச்சு மிஸ்ஸி. அன்னைக்கும் வியாழக்கெழமதான்," என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அம்புலன்ஸ் வேறு மலைக்கு ஏறியிருந்தது. திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். தோட்டத்து வேன் டிஸ்பென்சரி வாசலில்தான் நின்றது. சாரதி காமினி டாங்கியைத் தட்டிக் காட்டினார். "மிஸ்ஸி, இதில் வாசனை மட்டும்தான் இருக்கிறது," என்று சிங்களத்தில் சொன்னார்.

தோட்டத்தில் டீசல் இருந்த ஒரே இடம் தேயிலை ஃபெக்டரி. கரண்ட் போகும் நேரத்தில் ஜெனரேட்டர் ஓட்டுவதற்காக ஒரு பீப்பாய் வைத்திருந்தார்கள். நான் படிகளில் இறங்கி ஓடினேன். எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா வாசலிலேயே நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மிஸ்ஸி, ரெண்டு மணிக்குக் கரண்ட் போகுது. மெஷின்ல கெடக்கிற கொழுந்து பூரா கெட்டுப் போகும். அது நூறு பேரோட இன்னைய வேல. மேனேஜர் தொரையும் கொழும்புல. நான் யாரக் கேட்டுக் குடுக்கிறது?"

"எட்டு லீட்டர் போதுங்க ஐயா."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். என்னைக் கூர்ந்து பார்த்துக் கேட்டார்: "நிச்சயமா ஆபத்துன்னு சொல்றீங்களா? அப்படின்னா நான் தொரைக்குப் பதில் சொல்லிக்கிறேன்."

இந்த இடத்தில் நான் தயங்கி நின்றதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆமாம் என்று சொல்வது மிகவும் சுலபம். பீப்பாய் உடனே திறக்கும். ஆனால் சற்று முன்புதான் அந்த இதயம் நன்றாக அடிப்பதை என் காதால் கேட்டிருந்தேன். நான் பொய் சொல்லி, கீழே போய் ஒன்றுமில்லை என்றால், அடுத்த தடவை இன்னொரு பெண்ணுக்காக நான் ஓடி வரும்போது இந்த மனிதர் என்னை நம்பமாட்டார்.

"நிச்சயமாத் தெரியாதுங்க ஐயா," என்றேன். "நிச்சயமாத் தெரியிற நேரத்துல இந்த டீசலால ஒரு பிரயோசனமும் இருக்காது."

 அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். "கேன் கொண்டாரச் சொல்லுங்க," என்றார்.

வேனின் பின்சீட்டில் சுகந்தியைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். அவள் தலை முத்தம்மாவின் மடியில். என் கை அவள் வயிற்றின் மேல். மழையில் பாதை அரித்துப் போயிருந்தது. காமினி வளைவுக்கு வளைவு நிறுத்தி நிறுத்தி இறக்கினார். மூன்றாவது வளைவில் சுகந்தி தண்ணீர் கேட்டாள். என் போத்தலைக் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். ஃபெக்டரிப் பாலம் தாண்டியதும் மறுபடியும் கேட்டாள்.

"காலையில இருந்து ஒண்ணும் குடிக்கலையா?"

"குடிச்சேங்க மிஸ்ஸி. கொஞ்ச நாளாவே இப்படித்தான். குடிக்கக் குடிக்க நாக்கு காயிது. ராவுல அஞ்சாறு தடவ எந்திரிச்சு வெளிய போறேன்."

முத்தம்மாவும் சேர்ந்து சொன்னார்: "லயத்து ஓரமா இவ ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்கிது மிஸ்ஸி. இவ என்னத்தையோ கொட்டிட்டான்னு நான் ஏசிக்கிட்டு இருந்தேன்."

 மாதக் கணக்கை மீறி வளர்ந்த வயிறு, தாகம், எறும்பு. இரண்டு மாதமாக என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. தலையிடி உண்டா, கால் வீங்குகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். தாகம் எடுக்கிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதற்கு மேல் சீனி போட்டுச் சாப்பிடச் சொன்னவளும் நானே. ஒரு மணி நேரத்துக்கு முன்பு இனிப்புத் தேத்தண்ணி கொடுத்தவளும் நானே.

சுகந்தியின் அட்டை என் மடியில் இருந்தது. வெறும் கட்டம் தெரிந்தது. பையில் பேனா இருந்தது. "ஸ்ட்ரிப் கையிருப்பில் இல்லை" என்று அதில் எழுதினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த வருடம் நாடே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. முழுப்பொய்யும் இல்லை. பேனாவை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூடியைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

டவுனுக்குள் நுழைகிற இடத்தில் பெற்றோல் ஷெட் வரிசை பாதையை அடைத்துக் கிடந்தது. முச்சக்கர வண்டிகள், லொறிகள், கேன் பிடித்த மனிதர்கள். எங்கள் வேன் ஓரமாக முன்னேறியதும், வரிசையில் புகப்பார்க்கிறோம் என்று நினைத்து நாலைந்து பேர் வந்து மறித்தார்கள். ஒருவர் போனட்டில் ஓங்கி அடித்தார். இரண்டு நாளாக அங்கேயே கிடந்தவர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. காமினி சத்தம் போடத் தொடங்கினார். அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் இறங்கினேன். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னேன்: "தம்பி, எங்களுக்கு எண்ணெய் வேண்டாம். உள்ளே ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய பிள்ளை அசையவில்லை."

போனட்டில் அடித்தவர் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். சுகந்தி அவரைப் பார்த்தாள். அவர் உடனே முன்னால் ஓடினார். முச்சக்கர வண்டிகளை ஆட்கள் கையாலேயே தள்ளி ஒதுக்கினார்கள். வரிசை முடிகிற வரைக்கும் அவர் வேனுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் கடமையில் இருந்தவர் ஓர் இளம் டொக்டர். பலாங்கொடைக் கடைக்கார முஸ்லிம் குடும்பத்துப் பெண், என் மகளைவிடச் சின்ன வயது. அவர் அட்டையைக் கையில் வாங்குவதற்கு முன்பே சொன்னேன்: "டொக்டர், இவவுக்கு ஆறாம் மாசம் சீனி பாக்கல. பாக்காம விட்டது நான்தான். தாகம் இருக்கு, வயிறு கணக்குக்கு மேல. மொதல்ல சீனியப் பாருங்க."

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரலில் குத்தினார். அளவைப் பார்த்ததும் திரும்பி உள்ளே குரல் கொடுத்தார். அடுத்த சில நிமிடங்களில் சுகந்தி ஒபரேஷன் அறைக்குள் போய்விட்டாள். நான் சொல்லாமல் விட்டிருந்தால், மெலிந்த பெண்ணாயிற்றே என்று அவர்களும் வேறு எங்கெல்லாமோ தேடியிருக்கக்கூடும். அதில் கால் மணி நேரம் போயிருக்கலாம். பிழை செய்தால் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள், தங்கச்சிமாரே. மன்னிப்புக் கேட்பது பிறகு ஆறுதலாகச் செய்துகொள்ளலாம்.

பெண் பிள்ளை. கிட்டத்தட்ட நாலு கிலோ. தொடையும் கன்னமும் கொழுகொழுவென்று இருந்தன. முத்தம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "எங்க வம்சத்துலயே இப்படி ஒரு புள்ள பொறக்கல மிஸ்ஸி," என்று அழுதுகொண்டே சிரித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளையின் கை கால் நடுங்கத் தொடங்கியது. வயிற்றுக்குள் அளவுக்கு மிஞ்சிச் சீனி வந்த பிள்ளைக்கு, கொடி அறுத்ததும் சீனி ஒரேயடியாக இறங்கிவிடும். தூக்கிக்கொண்டு குழந்தைகள் பிரிவுக்கு ஓடினார்கள். ஐந்து நாள் அங்கே இருந்தது. மூன்றாம் நாள்தான் பிழைக்கும் என்று சொன்னார்கள். அந்த மூன்று நாளும் நான் வீட்டில் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

மூன்றாம் நாள் அந்த டொக்டர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"மிஸ்ஸி, சுகந்தி பொறக்கும்போது எத்தன கிலோ? யாருக்காவது தெரியுமா?"

எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம் பிறந்தவள் சுகந்தி. துணித் தொட்டிலில் வைத்துத் தராசில் தூக்கியது நான்தான். ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

டொக்டர் தலையை ஆட்டினார். "அதுதான். வயித்துக்குள்ள சாப்பாடு கொறஞ்ச பிள்ளையோட உடம்பு, வெளியவும் இப்படித்தான் இருக்கப்போகுதுன்னு எண்ணிப் பழகிடும். கெடைக்கிறத வச்சு ஒப்பேத்தும். சீனியக் கையாள்ற உறுப்பும் சின்னதாவே நின்டுடும். பிறகு பெரியாளாகி, அந்த உடம்புக்கு ஒரு பிள்ளையச் சொமக்கிற பாரம் வந்தா, தாங்காது. ஆள் மெலிவா இருந்தாலும் சீனி வரும். மொதல் பிள்ளை தவறினதுக்கும் இதுவே காரணமா இருக்கலாம்."

 இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு நான் எழுதிய ஓர் எண், ஸ்ட்ரிப்பை யாருக்குக் கொடுப்பது என்று எனக்குச் சொல்லியிருக்கும். அந்தப் பதிவேடு என் அலுமாரியிலேயே இருந்தது.

அந்த யோசனையில் நான் இரண்டாவது பிழையைச் செய்தேன். முத்தம்மா எங்களுக்குப் பின்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அப்ப, நான் செஞ்சதா மிஸ்ஸி?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. பிள்ளையோடு வீட்டுக்கு வந்த சுகந்தியின் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் போகவில்லை. பக்கத்து லயம்தான். சுகந்தி என்னிடம், "அம்மா ஏன் மிஸ்ஸி எம் புள்ளய வந்து பாக்க மாட்டேங்குது?" என்று கேட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்தம்மாவின் காம்பராவுக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே புகை. அந்தப் புகையில்தான் அவர் சுகந்தியைச் சுமந்தார். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"அந்த வருசம் தோட்டத்துல வாரத்துக்கு மூணு நாள்தான் வேல. ஒரு ரொட்டிய மூணாக் கிள்ளுவோம். வீட்டுக்காரருக்கு, பெரியவனுக்கு, எனக்கு. என் பங்கயும் பெரியவன் கேட்டா குடுத்துருவேன். பசிச்சா பிளேன்டீ குடிப்பேன். வலி வந்த அன்னைக்கும் கூடையப் போட்டுக்கிட்டு மலையிலதான் நின்னேன். கங்காணிகிட்ட ஒக்காந்துக்கவான்னு கேட்டேன். ஒக்காந்தா அரப் பேருன்னாரு." அரைப் பேர் என்றால் அரைநாள் சம்பளம். "நான் அந்த ரொட்டியத் தின்னுருக்கணும் இல்லியா மிஸ்ஸி?"

"இது நீங்க செஞ்சது இல்ல முத்தம்மா. ஒங்களுக்குச் செஞ்சது. அன்னைக்கு ஒங்க வயித்துல புள்ள இருக்குன்னு தெரிஞ்சவங்க எத்தன பேர். கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் எழுதிட்டு மட்டும் போனேன். ரொட்டி எங்க வரும்னு நானும் கேக்கல."

அவர் அழவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டார்: "சரி. இப்ப இந்தப் புள்ளைக்கு என்னா செய்யணும்?"

செய்ய வேண்டியதைச் சொன்னேன். தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும். பிறகு இனிப்பைப் பழக்கக் கூடாது. கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சுகந்தி வருடம் தவறாமல் இரத்தம் பார்க்க வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்று மாலையே பேத்தியைத் தூக்க வந்தார்.

நீங்கள் மேலே போனதும் இந்த விஷயத்தைத் தாய்மாருக்குப் படம் போட்டு விளக்குவீர்கள். விளக்குங்கள். ஆனால் வயிற்றில் இருக்கும்போது கிடைக்காத சாப்பாடு பிள்ளையின் பிற்காலத்தைத் தொடும் என்று நீங்கள் சொல்லும்போது, கேட்கிற தாயின் காதில் அது "நீதான் கெடுத்தாய்" என்று விழும். அந்தப் பேச்சைக் கங்காணியும் தொரையும் டீமேக்கரும் இருக்கிற இடத்தில் பேசுங்கள். நான் அதைக் கற்றுக்கொண்டது ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் இருக்கும்போதுதான்.

சுகந்தியின் பிள்ளை பிறந்த அடுத்த மாதம் நடந்த ஒன்று. மேல் டிவிசனில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, பத்தொன்பது வயது. அவளுக்கு இலேசான வேலை கொடுக்கும்படி நான் எழுதிய கடிதம் கங்காணியின் சட்டைப்பையிலேயே இருந்தது. அன்று காலை நான் மலைப்பாதையில் ஏறிப் போகும்போது செங்குத்தான பக்கத்துக்கு ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கூடையை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். வரிசையின் நடுவிலிருந்து முத்தம்மா வந்தார். அவளுடைய கூடையைக் கழற்றித் தன் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு கங்காணியிடம், குரலை உயர்த்தாமல், சொன்னார்:

"இந்தப் புள்ள அடியில, தட்டையில நின்னு எடுக்கும். பசிக்கிறப்ப ஒக்காந்து சாப்புடும். பேர அரையாக்கிறதுன்னா எம் பேரையும் அரையாக்குங்க."

அவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் யாரும் மலை ஏறவில்லை. கங்காணி பேர் பதிகிற செக்ரோலைத் திறந்து அந்தப் பெண்ணுக்கு முழுப் பேர் போட்டார்.